செல்ஃப் எடுக்குதா?

டீயை முதலில் ஒரு வாய் குடியுங்கள். ஆற அமரப் பேச வேண்டிய விஷயம் இது. காலை எட்டரை மணிக்கு ஆபீஸ் கிளம்புகிற அவசரத்தில் பேசினால் கோபம்தான் வரும்.

'வண்டி ஸ்டார்ட் ஆகல' என்று போன் செய்தால், அனுபவமுள்ள மெக்கானிக் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "செல்ஃப் எடுக்குதா?" நம்மில் பலர், "அதான் ஸ்டார்ட் ஆகலேன்னு சொல்றேனே!" என்று சலித்துக்கொள்வோம். அவர் கேட்டது அதுவல்ல. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் கரகரவென்று சுற்றுகிறது, ஆனால் பிடித்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. இது ஒரு நோய். எஞ்சின் சுற்றவே இல்லை. இது வேறு நோய். முதல் நோய்க்கு பெட்ரோல், பொறி, கம்ப்யூட்டர் என்று தேட வேண்டியிருக்கும். இரண்டாவதற்கு அந்தப் பக்கமே போக வேண்டாம். பேட்டரியில் தொடங்கி செல்ஃப் மோட்டார் வரைக்கும் போகிற வழியிலேயே பெரும்பாலும் காரணம் கிடைத்துவிடும். இன்று நாம் அதிக நேரம் உட்காரப் போவது இந்த இரண்டாவது நோயோடுதான்.

எஞ்சினை ஏன் இன்னொன்று சுற்றிவிட வேண்டும்? மின்விசிறிக்கு ஸ்விட்சைப் போட்டால் போதும், தானே சுற்றும். எஞ்சினுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. காற்றையும் பெட்ரோலையும் உள்ளே இழுத்து, இறுக்கி அமுக்கி, அதன்பிறகு பொறி வைத்தால்தான் அது வெடித்து பிஸ்டனைத் தள்ளும். இழுப்பதும் அமுக்குவதும் எஞ்சின் சுற்றினால் மட்டுமே நடக்கும் காரியங்கள். அடிபம்பு ஞாபகம் இருக்கிறதா? வறண்டு கிடக்கும் பம்பில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால்தான் அது குடம் குடமாகத் தண்ணீர் தரும். அந்தச் சொம்புத் தண்ணீர்தான் செல்ஃப்.

அந்தக் காலத்தில் சொம்பு மனிதன் கையில் இருந்தது. பழைய அம்பாசிடர்களின் முன்பக்கம் ஹேண்டிலைச் செருகிச் சுற்றியவர்களை நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். ஹேண்டில் சில சமயம் எதிர்த்திசையில் உதைக்கும், மணிக்கட்டு உடையும். அதனால் கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துக்கொள், சுற்றி மடக்காதே என்று சொல்லிக் கொடுப்பார்கள். இந்த அவஸ்தையை ஒழிக்க வழி கண்டவர் அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங். 1912ஆம் ஆண்டு காடிலாக் கார்களில் அவருடைய மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. அதற்கு முன்பு அவர் வேலை பார்த்தது காரில் அல்ல, கடைக் கல்லாப்பெட்டியில். கல்லாப்பெட்டியைத் திறக்க ஒரு சின்ன மோட்டார் வைத்தவர் அவர். அங்கே அவருக்குப் பிடிபட்ட சூட்சுமம் இது: நாள் முழுக்க ஓட வேண்டிய மோட்டார் பெரிதாக இருக்க வேண்டும், இரண்டு விநாடி மட்டும் ஓடினால் போதும் என்றால், ஒரு சின்ன மோட்டாரிடம் அதன் சக்திக்கு மீறிய வேலையை வாங்கலாம், சூடேறுவதற்குள் விட்டுவிட்டால் சரி. இன்றும் செல்ஃபைப் பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து பிடிக்காதீர்கள் என்று சொல்வதற்குக் காரணம் அதுவே. 'தானே கிளப்பும்' என்கிற ஆங்கிலப் பெயரின் வாலை நறுக்கிவிட்டு, பட்டறையில் நாம் 'செல்ஃப்' என்று மட்டும் வைத்துக்கொண்டோம்.

இப்போது பானெட்டைத் திறப்போம். பேட்டரி. அதிலிருந்து விரல் தடிமனுக்கு ஒரு ஒயர் செல்ஃப் மோட்டாருக்குப் போகிறது. இன்னொரு தடித்த ஒயர் எஞ்சின் உடம்புக்கும் வண்டியின் இரும்புக்கும் போகிறது. அதை எர்த் என்கிறோம். கரண்ட் ஒரு வழியாகப் போய் இன்னொரு வழியாகத் திரும்ப வேண்டுமல்லவா, திரும்பும் வழி இந்த எர்த். ஆனால் நாம் திருப்புகிற சாவிக்குப் பின்னால் இருப்பதோ மெல்லிய ஒயர். அது எப்படி இவ்வளவு பெரிய மோட்டாரை ஓட்டுகிறது?

கிராமத்தில் பம்ப்செட் ஸ்டார்ட்டர் பெட்டியைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். பச்சைப் பொத்தானை அழுத்துகிறோம், உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம், மோட்டார் ஓடுகிறது. பொத்தான் வழியாக மோட்டாரின் கரண்ட் போவதில்லை. பொத்தான் ஒரு காயிலுக்குக் கொஞ்சம் கரண்ட் கொடுக்கிறது, காயில் காந்தமாகி இழுத்து, தடித்த செம்புக் கட்டைகளைச் சேர்த்து வைக்கிறது. செல்ஃப் மோட்டாரின் முதுகில் உட்கார்ந்திருக்கும் சாலனாய்டும் அதே வேலையைத்தான் செய்கிறது. கூடவே இன்னொரு வேலையும்: ஒரு சின்னப் பல்சக்கரத்தை முன்னால் தள்ளி, எஞ்சினின் பெரிய பல்சக்கரத்தோடு கோத்துவிடும். சாவியைத் திருப்பும்போது நமக்குக் கேட்கும் 'டக்' அதுதான். இந்த 'டக்'கை மறக்க வேண்டாம், திரும்ப வருவோம்.

இனி, எல்லோரும் வழுக்கி விழும் இடம்.

போன தை மாதம், ஒரு முகூர்த்த நாள். விடியற்காலை ஐந்தரைக்குக் கீழ்வீட்டு சார் பட்டு வேட்டியோடு காரில் உட்கார்ந்து சாவியைத் திருப்புகிறார். ஒரே ஒரு 'டக்', அவ்வளவுதான். "பேட்டரி இறங்கியிருக்கும் சார்" என்றேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "போன வருஷம் மாத்தின பேட்டரி. இதோ பாருங்க" என்று ஹாரனை அமுக்கினார். குடியிருப்பு முழுக்க எழுந்துகொண்டது. ஹெட்லைட்டைப் போட்டார், எதிர்ச்சுவர் பளிச்சென்று தெரிந்தது. "பேட்டரி நல்லாத்தான் இருக்கு. செல்ஃப் மோட்டார்தான் போயிடுச்சு" என்று தீர்ப்பும் எழுதிவிட்டார்.

ஹாரன் அடிக்கிறது, லைட் எரிகிறது, ஆகவே பேட்டரிப் பக்கம் கோளாறு இல்லை. இதைவிடப் பரவலான தவறு கார் விஷயத்தில் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. நானும் பல வருஷம் அப்படித்தான் நம்பியிருந்தேன். இதை நம்பித்தான் நல்ல செல்ஃப் மோட்டார்கள் கழற்றப்படுகின்றன.

கணக்கைப் பார்ப்போம். கரண்டின் ஓட்டத்தை ஆம்பியரில் அளக்கிறோம். குழாயில் நிமிடத்துக்கு எத்தனை குடம் என்பது மாதிரி. காருக்குள் எரியும் சின்ன விளக்குக்கு அரை ஆம்பியர்கூட வேண்டாம். ஹாரனுக்கு ஐந்து ஆம்பியர் அளவில். இரண்டு ஹெட்லைட்டுக்கும் சேர்த்து ஒன்பது, பத்து. செல்ஃப் மோட்டாருக்கு? சின்ன பெட்ரோல் காரிலேயே 100 முதல் 200 ஆம்பியர் வரை. டீசல் என்றால் இன்னும் மேலே. 150 ஆம்பியர் என்று வைத்தால் கிட்டத்தட்ட இரண்டு குதிரைத்திறன் பம்ப்செட் இழுக்கிற மின்சாரம். கையில் தூக்கிவிடக்கூடிய ஒரு பெட்டி அதை அந்த இரண்டு விநாடிக்குக் கொடுத்தாக வேண்டும். ஹாரன் அடித்துக் காட்டுவது, 'இவரால் ஒரு டம்ளர் தண்ணீர் தூக்க முடிகிறது, அதனால் நெல் மூட்டையும் தூக்குவார்' என்று சொல்வதற்குச் சமம்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். பேட்டரியில் கரண்ட் இருக்கிறதா இல்லையா, இரண்டில் ஒன்றுதானே? இல்லை. குடத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது ஒரு சமாச்சாரம். குடத்தின் வாய் எவ்வளவு அகலம் என்பது வேறு சமாச்சாரம். வயதான பேட்டரியின் ஈயத் தகடுகளில் உப்புப் படிந்து வாய் சுருங்கிவிடும். உள்ளே தண்ணீர் இருக்கும், சொட்டுச் சொட்டாகக் கேட்டால் தரும், மொத்தமாகக் கவிழ்க்கச் சொன்னால் வராது. உப்புத் தண்ணீர் ஓடும் வீடுகளில் இதை தினமும் பார்க்கிறோம். குழாய்க்குள் பொருக்குக் கட்டியிருக்கும். வாஷ்பேசினில் கை கழுவத் தண்ணீர் தாராளமாக வரும், ஷவரைத் திறந்தால் அழும்.

வாய் சுருங்குவது பேட்டரிக்குள்தான் நடக்க வேண்டும் என்றும் இல்லை. பேட்டரி முனையில் ஒயரை இறுக்கிப் பிடிக்கும் கவ்வி இருக்கிறதே, டெர்மினல், அங்கே வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பொடி கரண்டுக்கு வழிமறிக்கும். எவ்வளவு மறிக்கும் என்றால், ஒரு ஓமில் ஐம்பதில் ஒரு பங்கு தடை என்று வைத்துக்கொள்வோம், மிகச் சின்ன எண். ஹெட்லைட்டின் பத்து ஆம்பியர் அதைக் கடக்கும்போது 0.2 வோல்ட் தொலையும், கண்ணுக்கே தெரியாது. செல்ஃபின் 150 ஆம்பியர் கடக்கும்போது 3 வோல்ட் தொலையும். பன்னிரண்டில் மூன்று போனால் மோட்டாருக்கு மிச்சம் ஒன்பது. அதுவும் பேட்டரி தன் பங்குக்குக் கொஞ்சமும் இறங்காவிட்டால். அதே கவ்வி, அதே பொடி. லைட்டுக்கு அது ஒன்றுமே இல்லை, செல்ஃபுக்கு மட்டும் சுவர்.

கீழ்வீட்டு சாரின் கதை அப்படித்தான் முடிந்தது. லாரி ஓட்டி ஓய்வுபெற்று எங்கள் வாசலில் காவலிருக்கும் அண்ணன் ஒருவர் டார்ச்சோடு வந்தார். எதையும் கழற்றவில்லை. நெகடிவ் டெர்மினலைப் பிடித்து அசைத்தார்; ஆட்டம் கண்ட பல் போல ஆடியது. "சூடா இருக்கு பாருங்க" என்று என் விரலை எடுத்து வைத்தார். ஐந்தாறு முறை செல்ஃப் போட்டதில் அந்தக் கவ்வி மட்டும் வெதுவெதுவென்று இருந்தது. மோட்டாருக்குப் போக வேண்டிய மின்சாரம் அங்கேயே வெப்பமாகிக்கொண்டிருந்தது. ஸ்பேனரால் இரண்டு திருப்பு. வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது. சார் முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

ஹாரன் உதவாது என்றால் நம்மிடம் வேறு என்ன சோதனை இருக்கிறது? ஹெட்லைட்டேதான், ஆனால் தனியாக அல்ல. லைட்டைப் போட்டு வைத்து, ஒருவர் எதிரே நின்று பார்க்க, செல்ஃப் போட வேண்டும். வீட்டில் கிரைண்டரைப் போட்ட கணம் டியூப்லைட் ஒரு துடிப்புத் துடிக்குமே, அதைத்தான் தேடுகிறோம். லைட் அடியோடு மங்கி அணைந்தே போகிறது என்றால், மோட்டார் கேட்கிறது, பேட்டரியோ டெர்மினலோ கொடுக்க முடியாமல் தவிக்கிறது. லைட் துளியும் மங்காமல் எரிகிறது என்றால், கேட்கவே யாரும் இல்லை. செய்தி மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை, அல்லது மோட்டாருக்குள்ளேயே வழி அறுந்திருக்கிறது. சில கார்களில் செல்ஃப் போடும்போது கம்ப்யூட்டர் தானாகவே ஹெட்லைட்டை அணைத்துவிடும். அப்போது உள்விளக்கைப் பாருங்கள்.

மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் தெளிவு. இரவு முழுக்க சும்மா நின்ற வண்டியில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதிதான் மிச்சம். 12க்குக் கீழே போனால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் சும்மா இருக்கும்போது 12.6 காட்டுவதை நம்பி ஏமாற வேண்டாம். அதுவும் ஒரு வகை ஹாரன்தான். செல்ஃப் போடும் அந்த இரண்டு விநாடியில் எவ்வளவு இறங்குகிறது என்பதே கேள்வி. பத்துக்கு மேலேயே நின்றால் பேட்டரி திடமானது. ஒன்பது, எட்டு என்று சரிந்தால் பேட்டரி வலுவிழந்திருக்கிறது. சார்ஜ் செய்தும் அப்படியே என்றால் மாற்ற வேண்டியதுதான். குளிர் நாடுகளில் பனிக்காலம் பேட்டரியைக் காட்டிக்கொடுக்கும். நம் ஊரில் கொல்வது வெயில், பானெட்டுக்கு அடியில் அதை நாள்தோறும் வேகவைக்கிறது.

அந்த 'டக்'குக்குத் திரும்புவோம். 'டக்டக்டக்டக்' என்று தையல் மெஷின் மாதிரி அடித்துக்கொண்டால், சாலனாய்டு இழுக்கிறது, செம்புக் கட்டைகள் சேர்கின்றன, மோட்டார் ஒரு பெரிய கவளம் கேட்டதும் பேட்டரி தளர்ந்துவிடுகிறது, காந்தம் விட்டுவிடுகிறது, பாரம் போனதும் பேட்டரி நிமிர்கிறது, காந்தம் மறுபடி இழுக்கிறது. நொடிக்குப் பலமுறை இதே கூத்து. பேட்டரி இறங்கியதற்கு இதைவிடத் தெளிவான வாக்குமூலம் கிடையாது. டெர்மினல் மோசமாக இருந்தாலும் இதே சத்தம் வரலாம். 'உர்ர்ர்... உர்ர்' என்று முனகி நிற்பதும் இதே குடும்பம்.

ஒரே ஒரு 'டக்', பிறகு அமைதி என்பது கொஞ்சம் சிக்கலானது. டெர்மினல் கவ்வி தளர்ந்திருக்கலாம். சாரின் வண்டி அப்படித்தான். அதைச் சரிபார்த்த பிறகும் 'டக்' மட்டுமே என்றால், சாலனாய்டின் செம்புக் கட்டைகள் தேய்ந்து கருகியிருக்கலாம், அல்லது மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். அப்போது செல்ஃபின் உடம்பில் ஒரு கட்டையால் லேசாகத் தட்டினால் ஒரு முறை எடுக்கும். பிரஷ் கொஞ்சம் நகர்ந்து உட்காருவதால் நடப்பது இது. மருத்துவமல்ல, பட்டறை வரைக்கும் போய்ச் சேர ஒரு வழி. தட்டுவதற்கு முன் கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்து விடுங்கள்.

ஒரு சத்தமும் இல்லை, லைட்டெல்லாம் பிரகாசம் என்றால் அலட்டிக்கொள்வதற்கு முன்னால் கிளட்ச்சை முழுக்க மிதித்திருக்கிறோமா என்று பார்ப்போம். இப்போதைய கார்கள் பலவற்றில் கிளட்ச் மிதிக்காமல் செல்ஃப் எடுக்காது. ஆட்டோமேட்டிக்கில் 'பி' அல்லது 'என்'னில் லீவர் இருக்க வேண்டும், பொத்தான் வண்டியென்றால் பிரேக்கும் மிதித்திருக்க வேண்டும். காலடியில் விரித்த மிதியடி மடங்கி கிளட்ச்சைத் தடுத்த கதை எனக்கே நடந்திருக்கிறது, வெட்கக்கேடு. பொத்தான் வண்டியில் ரிமோட் சாவிக்குள் இருக்கும் காசு மாதிரி பேட்டரி தீர்ந்தாலும் வண்டி நம்மை அடையாளம் காணாது. பல மாடல்களில் சாவியைப் பொத்தானோடு ஒட்டிவைத்து அழுத்தினால் எடுத்துக்கொள்ளும். இவையும் இல்லையென்றால் ரிலே, ஃபியூஸ், சாவி ஸ்விட்ச், எலி கடித்த ஒயர். எலியைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. மழைக்காலத்தில் சூடான எஞ்சினைவிட நல்ல வீடு அதற்கு எங்கே கிடைக்கும்?

முதல் நோயையும் எட்டிப் பார்த்துவிடுவோம். செல்ஃப் ஜோராக எடுக்கிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. சாவியை ஆன் நிலையில் மட்டும் வைத்துக் காது கொடுங்கள். பின்சீட்டுப் பக்கம் இரண்டு விநாடி 'ம்ம்ம்' என்று கேட்டால் பெட்ரோல் பம்ப் வேலை செய்கிறது. சில வண்டிகளில் இது கதவைத் திறந்தபோதே நடந்து முடிந்துவிடும். மீட்டரில் சாவி அல்லது பூட்டுப் படம் மினுக்கிக்கொண்டே இருந்தால், வண்டி உங்களைத் திருடன் என்று நினைக்கிறது. மாற்றுச் சாவியை எடுத்து வாருங்கள். பலமுறை முயன்று பெட்ரோல் வாடை அடித்தால், பிளக் நனைந்திருக்கிறது; பல கார்களில் ஆக்ஸிலேட்டரை அடிவரை மிதித்துக்கொண்டு செல்ஃப் போட்டால் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திக் காற்றை மட்டும் விட்டு உலர்த்தும். வழக்கத்தைவிட லேசாக, வேகமாக, தடையே இல்லாமல் சுற்றுகிற மாதிரி கேட்டால் கையை எடுத்துவிடுங்கள். டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். மேலும் சுற்றினால் வால்வுகளுக்கு ஆபத்து.

சென்னைக்காரர்கள் 2015லும் 2023லும் காசு கொடுத்துக் கற்ற பாடமும் இங்கேதான் வருகிறது. வெள்ளத்தில் நின்ற வண்டியில் செல்ஃப் போட்டே பார்க்கக் கூடாது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்க, பிஸ்டன் மேலே வந்தால் வளைவது கனெக்டிங் ராட். தண்ணீரில் மூழ்கியதால் ஆகும் செலவு ஒன்று, அதன்பிறகு சாவியைத் திருப்பியதால் ஆகும் செலவு இன்னொன்று, இரண்டாவது பெரிது.

பேட்டரிதான் என்று முடிவாகிவிட்டால் இன்னொரு வண்டியிலிருந்து கரண்ட் வாங்கலாம். சிவப்பு ஒயர் இறங்கிய பேட்டரியின் பாசிடிவில், அதன் மறுமுனை நல்ல பேட்டரியின் பாசிடிவில். கறுப்பு ஒயர் நல்ல பேட்டரியின் நெகடிவில். கறுப்பின் கடைசி முனையை மட்டும் இறங்கிய பேட்டரியில் மாட்டாதீர்கள். எஞ்சினின் பெயிண்ட் இல்லாத ஒரு இரும்பில், பேட்டரிக்குத் தள்ளி மாட்டுங்கள். கடைசி இணைப்பில் ஒரு பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் கசிந்திருக்கலாம், அதற்குப் பக்கத்தில் பொறி வேண்டாம் என்பதுதான் காரணம். சிவப்பும் கறுப்பும் மாறினால் வண்டியின் கம்ப்யூட்டரே போய்விடக்கூடும். இரண்டு முறை பார்த்து மாட்டுங்கள். மெல்லிய ஒயர் போதாது, மேலே போட்ட அதே 150 ஆம்பியர் கணக்கு இதற்கும் பொருந்தும்.

எஞ்சின் ஓடத் தொடங்கியதும் மல்டிமீட்டரை மறுபடி பேட்டரியில் வைத்தால் 13.8க்கும் 14.5க்கும் நடுவே காட்ட வேண்டும். 12.3 என்று அசையாமல் நின்றால் பேட்டரி மேல் பழியில்லை. ஓடும்போது அதற்குச் சோறு போடும் ஆல்டர்னேட்டர் பட்டினி போட்டிருக்கிறது. பட்டறையில் அதை இன்னும் 'டைனமோ' என்றுதான் சொல்வார்கள், டைனமோ கார்களை விட்டுப் போய்ப் பல காலம் ஆனாலும். புது பேட்டரி வாங்கிப் போட்டால் அதுவும் இரண்டு நாளில் படுத்துவிடும்.

அடுத்த முறை மெக்கானிக்குக்குப் போன் செய்யும்போது இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அண்ணே, செல்ஃப் எடுக்கல. டக்டக்டக்னு அடிக்குது, லைட் அணைஞ்சு போகுது, டெர்மினல் டைட்டாத்தான் இருக்கு." அவர் பைக்கின் முன்னால் ஒரு பேட்டரியை வைத்துக்கொண்டே கிளம்பி வருவார்.